தீராத அடிவயிற்று வலியும் காரணம் தேடும் வழியும்

மாடு ஒரு வேளை தீனி எடுக்காமல் நின்றால், அன்று மாலைக்குள் கால்நடை மருத்துவரைத் தேடிச் செல்கிறோம். நெற்பயிரின் தோகை பழுத்தால் ஒரு கைப்பிடி பிடுங்கிக்கொண்டு வேளாண்மை அலுவலகத்திற்கு ஓடுகிறோம். ஆனால் வீட்டுப் பெண்மணி ஒருவர் ஆண்டுக்கணக்கில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டே களை எடுப்பதையும், நடவு நடுவதையும், விடியுமுன் எழுந்து மல்லிகை பறிப்பதையும் காணும்போது மட்டும், "பொம்பளை நோவுதானே" என்று சொல்லி அப்பால் போய்விடுகிறோம். அவரும் அப்படியே சொல்லிக்கொள்கிறார். அவருடைய தாயும் அப்படியே சொல்லியிருப்பார்.

கிராம வளர்ச்சியைப் பற்றிய இதழில் இப்பேச்சு எதற்கு என்று அங்கத்தினர் சிலர் எண்ணக்கூடும். பெரியாறு-வைகைப் பாசனத்தில் நடவும் களையும் யார் கையால் நடக்கின்றன என்பதை எண்ணிப் பார்த்தால் இக்கேள்விக்கு விடை கிடைத்துவிடும். அன்றியும், இந்த வலிக்குச் சரியான காரணம் காணாமல் நம் குடும்பங்கள் செலவிடும் பணம் சிறிதன்று. அடகுக் கடைக்குப் போன நகையும் ஒத்திக்குப் போன நிலமும் எதற்காகப் போயின என்று விசாரித்தால், 'வயிற்று ஆபரேஷன்' என்ற பதில் பல வீடுகளில் வரும். ஆகவே இதை ஊர்ப்பொறுப்பு ஏற்றவர்களும் ஆண் மக்களும் கூச்சமின்றி அறிந்துகொள்வது அவசியம் என்று கருதுகிறோம்.

தொப்புளுக்குக் கீழே, இடுப்பெலும்புக் கூட்டினுள் தோன்றி, ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடிக்கும் வலியை மருத்துவர்கள் நாட்பட்ட இடுப்பறை வலி என்பர். மாதவிலக்கின்போது மட்டும் வருவதாகவோ, எந்நாளும் இருப்பதாகவோ, குனியும்போதும் சிறுநீர் கழிக்கும்போதும் தாம்பத்திய உறவின்போதும் கூடுவதாகவோ அது இருக்கலாம். மாதவிலக்கின் முதல் இரண்டு நாள் சிறிது வலிப்பது இயல்பே. ஆனால் பள்ளிக்குப் போகவொட்டாமல், வேலைக்கு எழவொட்டாமல், மாதந்தோறும் படுக்கையில் தள்ளும் வலி இயல்பானதன்று. "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும், ஒரு பிள்ளை பெற்றால் சரியாகிவிடும்" என்று பதினைந்து வயதுப் பெண்ணிடம் சொல்லி அனுப்புவது நம் பக்கத்து வழக்கம். நோய்க்குத் தவணை கொடுப்பதே அது.

இந்நாட்டில் இவ்விஷயம் வெளிச்சத்திற்கு வந்த வரலாறு ஒன்றைக் கூறுவது பொருந்தும். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மருத்துவத் தம்பதியரான இராணி பங், அபய் பங் ஆகியோரும் அவர்தம் குழுவினரும் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து, 1989-ஆம் ஆண்டில் 'லான்செட்' என்ற மருத்துவ ஏட்டில் முடிவுகளை வெளியிட்டனர். மருத்துவமனையைத் தேடி வந்தவர்களை மட்டும் அவர்கள் எண்ணவில்லை. ஊரில் உள்ளவர்களையே பரிசோதித்தார்கள். நூற்றுக்கு 92 பேருக்கு மகளிர் உறுப்பு சம்பந்தமான நோய் ஒன்றேனும் இருந்தது. ஒருவருக்குச் சராசரி மூன்றுக்கு மேற்பட்ட கோளாறுகள். ஆனால் அதற்கு முன் இதற்கெனப் பரிசோதனையும் சிகிச்சையும் பெற்றிருந்தவர்கள் நூற்றுக்கு 8 பேரே. கருத்தடையையும் பிரசவத்தையும் தவிரப் பெண்ணின் உடலைப் பற்றிச் சுகாதாரத் திட்டங்கள் அதிகம் கேளாதிருந்த காலத்தில், இக்கணக்கு உலகெங்கும் பேசப்பட்டது.

நம் மாநிலத்திலும் செங்கல்பட்டுப் பகுதியில் 1981-இல் கிராமத் தலித் பெண்களைக் கொண்டு தொடங்கப்பட்ட 'ரூவ்செக்' என்னும் அமைப்பு, பெண்கள் வெளியே சொல்லாத நோவுகளை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதிற்று. கருப்பை இறக்கத்தோடு வாழும் பெண்களின் அனுபவத்தைப் பற்றி அவர்கள் செய்த ஆய்வு 1999-இல் வெளிவந்தது. பிரசவித்த உடம்பு தேறுமுன் கூலி வேலைக்கும் சுமை தூக்கவும் போக நேரும் குடும்பங்களில் இக்கோளாறு எப்படிப் பல்லாண்டு மறைந்து கிடக்கிறது என்பதை அத்தகைய முயற்சிகளால்தான் நாம் அறிகிறோம்.

இனி, வலிக்குக் காரணங்கள் யாவை என்று பார்ப்போம். இடுப்பெலும்புக் கூடு ஒரு சிறிய வீடு. அதற்குள் கருப்பை, சினைப்பைகள், சிறுநீர்ப்பை, மலக்குடல், இவற்றைத் தாங்கும் தசைகள், ஊடே ஓடும் நரம்புகள் ஆகியவை நெருக்கமாகக் குடியிருக்கின்றன. ஓர் அறையில் எழும் சத்தம் மற்றோர் அறையில் எழுந்ததாகத் தோன்றுவது இங்கே சகஜம். காரணம் காண்பது கடினமாயிருப்பதும் இதனாலேயே.

இவற்றுள் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோயை முதலில் சொல்லவேண்டும். கருப்பையின் உட்சுவரை ஒத்த திசு, கருப்பைக்கு வெளியே சினைப்பையிலும் குடலின் மேலும் பிற இடங்களிலும் வளர்வது இது. மாதந்தோறும் உட்சுவர் கசியும்போது இதுவும் கசிகிறது. வெளியேற வழியின்றி அங்கேயே புண்ணாகி, உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. வியன்னாவின் ரோகிடான்ஸ்கி 1860-இல் இதனை விவரித்தார். அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன், உதிரம் கருக்குழாய் வழியே பின்னோக்கிச் சென்று இவ்வாறு பதிகிறது என்ற கருத்தை 1927-இல் வெளியிட்டார். அது முழு விளக்கமாகாது என்று இன்று அறிவோம். ஏனெனில் பின்னோக்கிய ஒழுக்கு பெரும்பாலான பெண்களுக்கு உண்டு, நோயோ சிலருக்கே வருகிறது. குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு, உலகெங்கும் சுமார் 19 கோடிப் பேருக்கு, இந்நோய் உண்டு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. முதல் வலி தோன்றியதிலிருந்து நோயின் பெயர் தெரியும்வரை 4 முதல் 12 ஆண்டுகள் கழிகின்றன. பெரிய மருத்துவமனைகள் நிறைந்த செல்வ நாடுகளிலும் இத்தாமதம் உண்டு. ஆஸ்திரேலியா 2018-இல் இதற்கென்றே தேசியச் செயல்திட்டம் வகுத்து, பின்னர் இடுப்பறை வலிக்குத் தனிச் சிகிச்சை நிலையங்களையும் ஏற்படுத்தியது.

இந்நோயில் அன்பர்கள் குறித்துக்கொள்ளவேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஸ்கேன் படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றால் நோய் இல்லை என்று பொருளன்று. சினைப்பையில் கட்டியாக இருந்தால் ஸ்கேன் காட்டும். உள்உறைமேல் மெல்லிய புள்ளிகளாகப் படர்ந்திருந்தால் பெரும்பாலும் காட்டாது. முன்பெல்லாம் வயிற்றில் சிறு துளையிட்டுக் குழாய்க் கருவியால் பார்த்தாலன்றி முடிவு கூறலாகாது என்றிருந்தனர். ஐரோப்பிய மருத்துவச் சங்கம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலோ, அறிகுறிகளையும் படங்களையும் கொண்டே மருந்தைத் தொடங்கிப் பார்க்கலாம், அதனால் குணம் காணாவிடினோ படத்தில் ஒன்றும் தெரியாவிடினோ துளைக் கருவியை நாடலாம் என்கிறது. செலவுக்கு அஞ்சும் நம் குடும்பங்களுக்கு இஃது ஆறுதலான மாறுதல்.

கருப்பைச் சுவருக்குள்ளேயே அத்திசு வளர்ந்து கருப்பை பருத்துப்போதலும், தசைக்கட்டிகளும், கிருமித் தொற்றால் கருக்குழாய் புண்படுதலும் பிற காரணங்கள். நம் நாட்டில் கருப்பைக் காசநோயை மறத்தலாகாது. இருமலே இல்லாமல், அடிவயிற்று வலியும் மாதவிலக்குக் குறைவும் பிள்ளையின்மையுமாக அது பதுங்கியிருக்கும். கண்டறிந்துவிட்டால் அரசின் காசநோய்த் திட்டத்தில் மருந்து இலவசம். வழக்கமாக ஆறு மாதச் சிகிச்சை. ஆனால் கருக்குழாய் முற்றும் அடைபட்ட பிறகு கண்டறிந்தால் காசம் தீருமேயன்றிக் குழாய் திறக்காது. பிள்ளையில்லை என்று ஒரு பெண்ணைத் தள்ளிவைக்கும் குடும்பத்தார் இதனை எண்ணவேண்டும்.

கருப்பைக்குச் சம்பந்தமே இல்லாத காரணங்களும் பல. குடல் எரிச்சல், சிறுநீர்ப்பை வலி, முன்னொரு அறுவையின் தழும்பு ஒட்டுதல், வயிற்றுச் சுவரின் நரம்பு நெருக்குண்ணல் ஆகியவை அவை. கடைசியாகச் சொன்னதற்கு எளிய சோதனை ஒன்றுண்டு. மல்லாந்து படுத்து, வலிக்கும் இடத்தை விரலால் அழுத்தியபடி தலையைத் தூக்கினால் வலி கூடுமானால், கோளாறு வயிற்றுச் சுவரில் இருக்கலாம், உள்ளுறுப்பில் இல்லாமலிருக்கலாம். மருத்துவர் செய்யவேண்டிய சோதனையே இது. எனினும் காசு செலவில்லாத சோதனைகளும் மருத்துவத்தில் உண்டு என்பதற்காகச் சொன்னோம். தசைகளையும் குறிப்பிடவேண்டும். நாள் முழுவதும் குனிந்து நட்டு, தலையில் கட்டுச் சுமந்து வரும் உடம்பில் இடுப்புத்தளத் தசைகள் இறுகி முடிச்சிட்டுக் கொள்கின்றன. அவ்வலியை எந்த ஸ்கேனும் படம் பிடிக்காது. பயின்ற கையே அறியும்.

நம் பக்கத்தில் மகளிர் குழுக் கூட்டம் ஒன்றில் கேட்ட செய்தி இது. ஊரும் பேரும் வேண்டா. பூப்பறிக்கும் வேலை செய்யும் ஒரு சகோதரிக்கு முதல் பிள்ளைக்குப் பிறகு வலி தொடங்கிற்று. மருந்துக் கடையில் ஊசி. பிறகு வெள்ளைப்பாட்டுக்கு மாத்திரை. பிறகு குடல்வால் என்று சொல்லி ஓர் அறுவை. வலி நீங்கவில்லை. மாமியார் செய்வினை என்றார். பாண்டி முனீஸ்வரருக்கு வேண்டுதல் நடந்தது. (வேண்டுதலை நாம் குறை சொல்லமாட்டோம், அது மனத்துக்குத் தெம்பு. அதோடு நின்றுவிடுவதே குறை.) தனியார் இடமொன்றில், "கருப்பையை எடுத்துவிட்டால் தீரும், இல்லாவிட்டால் புற்றாகிவிடும்" என்றார்கள். வயது முப்பதைச் சற்றே தாண்டியிருந்தது. பணமும் பேசி முடித்தாயிற்று. அவ்வேளையில் கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் வற்புறுத்தி அவரை மதுரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே வலி எந்தெந்த நாளில் வருகிறது என்று யாரோ முதன்முதலாகக் கேட்டார்கள். அக்கேள்விக்குள் ஏழு ஆண்டுகள் கழிந்திருந்தன. எண்டோமெட்ரியோசிஸ் என்று முடிவாயிற்று. மாத்திரையில் பெரும்பகுதி அடங்கியது. முழுவதும் போய்விட்டது என்று அவர் சொல்லவில்லை. "நோவுக்குப் பேர் தெரிஞ்சதும் பாதி பாரம் எறங்கிருச்சு" என்றார்.

எல்லோருக்கும் இவ்வாறு பெயர் கிடைத்துவிடுவதில்லை. துளைக் கருவியால் உள்ளே பார்த்தும் ஒன்றும் காணாதவர்கள் கணிசமானோர். அவர்கள் பொய் சொல்கிறார்களா? அன்று. ஒரே தடத்தில் பலகாலம் நீர் ஓடினால் அங்கே வாய்க்கால் அறுத்துக்கொள்வதை நாம் வயலில் காண்கிறோம். பிறகு சிறு தூறலும் அவ்வழியே ஓடும். வலிச் செய்தி பல மாதம் நரம்பில் ஓடினால் தண்டுவடமும் மூளையும் அவ்வாறே பழகிவிடுகின்றன. முதற்காரணம் தீர்ந்த பின்னும் சிறு தொடுகை பெருவலியாக எழுகிறது. இத்தகையோருக்கு நரம்பைத் தணிக்கும் மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்தல், இயன்முறைப் பயிற்சி, உறக்கம், மனநல ஆலோசனை ஆகியவை பயனளிக்கின்றன. மனநல மருத்துவரிடம் போகச் சொன்னால் பைத்தியப்பட்டம் கட்டுவதாக எண்ணி எழுந்துவிடுகிறார்கள். வலி உண்மை, அதை ஏந்தி ஏந்தி மனம் சோர்வதும் உண்மை, இரண்டுக்கும் சேர்த்து மருந்து வேண்டும்.

கருப்பையை எடுப்பதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதவேண்டியிருக்கிறது. அவ்வறுவை உயிர் காக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. புற்றிலும் அடங்காத உதிரப்போக்கிலும் தயங்கலாகாது. ஆனால் பிள்ளை பெற்றாயிற்று, இனி இந்தப் பை எதற்கு என்ற எண்ணம் ஆபத்தானது. வலி சிறுநீர்ப்பையிலோ தசையிலோ இருந்தால் கருப்பை போனபின்பும் வலி இருக்கும். சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால் மாதவிடாய் முடிவு ஒரே நாளில் வந்து சேர்கிறது. எலும்பு தேய்கிறது, இதய நோய்க்கு இடமுண்டாகிறது. சினைப்பைகளை விட்டுவைத்தாலும் அம்முடிவு முந்தி வரலாம். முப்பது வயதுக் கூலிப் பெண்ணுக்கு இதன் பொருள் என்னவென்று குடும்பத்தலைவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்களின் கதை 2019-இல் வெளியாயிற்று. ஆய்வில் விசாரிக்கப்பட்ட 82,309 பெண்களில் 13,861 பேருக்குக் கருப்பை அகற்றப்பட்டிருந்தது. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் தண்டம் பிடிக்கும் மேஸ்திரி, மாதவிலக்குக்கு ஒதுங்க இடமில்லாத கரும்புக்காடு, புற்றுநோய்ப் பயம் காட்டும் மருத்துவர் எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. நம் அலங்காநல்லூர்ப் பக்கமும் கரும்பு வெட்டியவர்களே. அவ்வேலையின் கடுமை நமக்கு அந்நியமன்று. பீகார், சத்தீஸ்கர், இராஜஸ்தான் ஆகிய மாநிலங்களில் தேவையின்றிச் செய்யப்பட்ட இவ்வறுவைகள் குறித்து மருத்துவர் நரேந்திர குப்தா 2013-இல் தொடுத்த பொதுநல வழக்கில், உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரல் 5-ஆம் நாள் தீர்ப்பளித்தது. இதனைத் தடுக்க மத்திய அரசு 2022-இல் வகுத்த வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்திற்குள் ஏற்று நடத்தவேண்டும் என்று ஆணையிட்டது. மாவட்டந்தோறும் கண்காணிப்புக் குழு என்பது அவ்வழிகாட்டுதலில் உள்ளது. இவ்வறுவைக்கு யோசனை சொல்லப்பட்ட குடும்பம், வேறோர் மருத்துவரின் கருத்தை அரசு மருத்துவமனையில் கேட்காமல் முன்பணம் கட்டலாகாது. வலிக்குக் காரணம் என்ன கண்டீர்கள், மருந்தால் முயன்று பார்த்தாயிற்றா, சினைப்பைகளை எடுப்பீர்களா விடுவீர்களா என்ற மூன்று கேள்விகளையும் கணவன்மார் துணிந்து கேட்கலாம். நல்ல மருத்துவர் கோபிக்கமாட்டார்.

மருத்துவரிடம் செல்லுமுன் வீட்டிலேயே செய்யக்கூடிய காரியம் ஒன்றுண்டு. கூட்டமான நாளில் மருத்துவருக்குச் சில நிமிடமே கிடைக்கும் என்பதால் இதன் பயன் பெரிது. சுவரில் தொங்கும் மாதக் காலண்டரே போதும். வலித்த நாளில் ஒரு கோடு; வேலை செய்யவொட்டாமல் வலித்தால் இரண்டு; படுக்கவைத்தால் மூன்று. மாதவிலக்கு நாளுக்கு ஒரு வட்டம். சிறுநீர் எரிந்தால், மலம் கழிக்கையில் வலித்தால், சுமை தூக்கிய மறுநாள் வலித்தால் வேறு ஓர் அடையாளம். எழுதத் தெரியாதவர்க்குப் பள்ளி செல்லும் மகள் குறித்துத் தரலாம். மூன்று மாதக் காலண்டரைப் பார்த்தால் வட்டத்தைச் சுற்றிக் கோடுகள் மொய்க்கின்றனவா, சிதறிக்கிடக்கின்றனவா என்பது பார்வையிலேயே தெரியும். இதோடு பழைய சீட்டுகள், ஸ்கேன் படங்கள் யாவற்றையும் ஒரே பையில் போட்டு வைக்கவேண்டும். ஒவ்வோர் இடத்திலும் முதலிலிருந்து தொடங்குவதால்தான் ஆண்டுகள் வீணாகின்றன. தாம்பத்திய உறவில் வலி உண்டா என்று மருத்துவர் கேட்டால் உள்ளதைச் சொல்லவேண்டும். மாமியார் உடனிருக்கையில் அதைச் சொல்ல எந்தப் பெண்ணாலும் இயலாது. ஆகையால் உடன் செல்பவர் அச்சமயம் வெளியே நிற்பதே மரியாதை.

மூன்று மாதம் காத்திராமல் உடனே செல்லவேண்டிய நிலைமைகளும் உண்டு. நாள் தள்ளிப்போயிருக்கையில் திடீரென ஒரு பக்கம் வலித்து மயக்கம் வந்தால் அது கருக்குழாயில் தங்கிய கர்ப்பமாக இருக்கலாம். 108 வண்டியை அழைக்கவேண்டும். காய்ச்சலோடு வலி, மாதவிடாய் நின்றுபோன பிறகு உதிரம், உறவுக்குப்பின் உதிரம், வயிறு பெருத்து உடல் மெலிதல் ஆகியவையும் தாமதத்திற்கு உரியவையல்ல.

ஊராட்சியின் பங்குக்கு வருவோம். நம் நாட்டில் கண் சிகிச்சை முகாம் என்றால் ஊர் திரண்டு வரும். 1976-இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய மருத்துவர் கோ. வெங்கடசாமி கிராமந்தோறும் முகாம் நடத்தி அப்பழக்கத்தை வளர்த்தார். கண் புரையைச் சொல்ல யாரும் வெட்கப்படுவதில்லை. வெட்கம் இருக்குமிடத்தில் பந்தலும் ஒலிபெருக்கியும் உதவா. 'கருப்பை நோய் முகாம்' என்று எழுதிப் பலகை வைத்தால் அதன் வாசலை எந்தப் பெண்ணும் மிதிக்கமாட்டாள். மகளிர் குழுவின் மாதக் கூட்டத்தில் செவிலியரை ஒரு மணி நேரம் பேசவைப்பது மேல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை அறைக்குத் திரையும் உள்தாழ்ப்பாளும் இருக்கின்றனவா என்று அங்கத்தினர் ஒருவர் நேரில் பார்த்து, இல்லையெனில் அடுத்த கிராம சபையில் வைக்கலாம். இது சிறு செலவு.

கழிப்பிடம் மற்றொன்று. வயல் வேலைக்குப் போகும் பெண்கள் ஒதுங்க மறைவில்லாமையால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே இருக்கிறார்கள்; நீர்க்கடுப்புக்கு அது வழி. வயல் தொலைவாக உள்ள ஊர்களில் வேலைத்தளத்திற்கு அருகே ஒரு மறைவிடம் அமைப்பது ஆண்களுக்கு அற்பமாகத் தோன்றலாம்; கேட்டுப்பாருங்கள், பெண் உறுப்பினர்கள் அதையே முதலில் சொல்வார்கள். 2016-இல் உள்ளாட்சியில் பெண்களுக்கு ஐம்பது விழுக்காடு இடம் என்று சட்டமானதன் பலனை இப்படிப்பட்ட தீர்மானங்களில்தான் நாம் எதிர்பார்க்கிறோம்.

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி வட்டாரத்துப் பெண்கள் முதலில் தங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, சிபாரிசுச் சீட்டோடு வட்டார அரசு மருத்துவமனைக்குச் செல்லலாம். அங்கே முடிவாகாவிடில், பெரியவர்கள் இன்னும் பெரியாஸ்பத்திரி என்றே சொல்லும் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. 1954-இல் தொடங்கிய மதுரை மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. மகளிர் நோய்ப் பிரிவு, சிறுநீரகப் பிரிவு, காசநோய்ப் பிரிவு, இயன்முறைப் பிரிவு எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருப்பது இந்நோவுக்கு மிக முக்கியம். ஒரு பிரிவில் விடை இல்லையென்றால் அடுத்ததற்குச் சீட்டு மாற்றித் தருமாறு கேட்கலாம். வெளிநோயாளிச் சீட்டுக்குக் காலையிலேயே வரிசை நீளும். முதல் பேருந்தில் புறப்பட்டால் நல்லது. காலண்டரும் பழைய சீட்டுப் பையும் கையில் இருக்கட்டும். மறுமுறை வரச் சொன்ன தேதியை அதே காலண்டரில் அங்கேயே குறித்துக்கொண்டு வரவேண்டும். நடவுக் கூலிக்கு ஆள் கூப்பிடும் வீட்டாரிடமும் அந்தத் தேதியை முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்.